துஷாந்தியிடம் யாரும் கேட்காதது

ஒக்டோபர் 8, செவ்வாய்

விடியும்போதே தூறல். குடையில் ஒரு கம்பி முறிந்து, போன வாரத்திலிருந்து அப்படியே. வத்தேகம பஸ்ஸில் நின்றபடி பயணம். பக்கத்தில் ஒருத்தி போனில்: "தேங்காய் இல்லன்னா புளிய கரைச்சு ஊத்து, நான் என்ன செய்ய?"

இன்று முதல் வீடு. வேலையில் சேர்ந்த இரண்டு மாதமும் கேள்விப் படிவத்தைத் தமிழில் ஆக்கியதிலேயே போனது. குணமாகாத நோயுள்ள பிள்ளைகளை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள், வலிக்கு என்ன செய்கிறார்கள் என்று தாய்மாரிடம் கேட்டு எழுதும் ஆய்வு. எங்கள் பேராதனை அலுவலகத்தில் சிங்களத்தில் கேட்க ஆட்கள் உண்டு. தமிழுக்கு நான் ஒருத்தி. தற்காலிக ஆசிரியை வேலை போனதில் கிடைத்தது இது.

ஆட்டோ தேயிலைத் தோட்டத்துப் பாதையில் பாதிக்கு மேல் ஏறவில்லை. மிச்சம் நடை. பனிமூட்டம். தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கும் லயனில் கடைசி வீடு. முன்னறை ஒன்று, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். தாய் ஜெயலெட்சுமி, கொழுந்து எடுப்பவர். தகப்பன் கொழும்பில் கடை வேலை. பிள்ளை துஷாந்தி, பதினொரு வயது. எலும்பில் தொடங்கிய புற்று நெஞ்சுக்குப் போய்விட்டது. இனி சிகிச்சை இல்லை, வலிக்குக் குடிக்கிற பாணி மருந்து மட்டும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. உட்காரப் போனேன். "கட்டில்லயே உக்காருங்க மிஸ்" என்றாள் பிள்ளை. மரியாதையாகத்தான் சொன்னாள். உட்கார்ந்தேன்.

தாயிடம் கேள்விகள். நடுவில் அவர் தேத்தண்ணி போட எழுந்து போனார். சும்மா இருக்கவேண்டாம் என்று துஷாந்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். இங்கே யாராவது வந்து பார்ப்பார்களா?

"ஒரு அம்மா வருவாங்க. அந்தக் கதிரையில இருப்பாங்க."

"சொந்தக்காரங்களா?"

"தெரியாது. பின்னுக்கு வெளிச்சம், முகம் தெரியாது."

"வந்து என்ன பேசுவாங்க?"

"பேச மாட்டாங்க. கேப்பாங்க."

"என்ன கேப்பாங்க?"

"நீங்க கேக்காதது."

தாய் தேத்தண்ணியோடு உள்ளே வந்தார். பாதி கோப்பைத் தட்டில் சிந்தியிருந்தது.

ஒக். 9, புதன்

அலுவலகத்தில் நேற்றைய ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலை. காதில் ஹெட்போன், வெளியே வெயில், யாரோ புல் வெட்டுகிற சத்தம்.

ஓரிடத்தில் நான் தாயிடம் மருந்துப் போத்தலை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்கிறேன். தாய் பதில் சொல்கிறார். பிறகு கொஞ்சம் அமைதி. அந்த அமைதியில் பிள்ளையின் குரல், மெதுவாக: "இல்ல. இன்னும் இல்ல."

நான் அவளிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. தாயும் கேட்கவில்லை. மூன்று தடவை திருப்பிக் கேட்டேன். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கன்டீனுக்குப் போய் ஒரு ரோல்ஸ் சாப்பிட்டேன். பசியில்லை. ஆட்கள் இருக்கிற இடமாக இருக்கட்டும் என்றுதான்.

எழுத்தில் அதை எப்படிக் குறிப்பது? "பிள்ளை (யாருக்கென்று தெளிவில்லை)" என்று போட்டேன்.

ஒக். 10, வியாழன்

கதிரையில் வந்திருக்கும் அந்த அம்மாவைப் பற்றி டொக்டர் அமலனிடம் கேட்டேன். ஆய்வுக்குப் பொறுப்பு அவர்தான், துஷாந்தியைக் கிளினிக்கில் பார்ப்பவரும் அவரே. யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் மேசையைத் துடைப்பார்.

"அந்த மருந்துக்கு சில பேருக்கு இல்லாத ஆக்கள் தெரியிறது உண்டு. நோயாலயும் தெரியலாம். ரெண்டும் இல்லாமலும் தெரியலாம்."

"பிள்ளைகளுக்கும் அப்படித்தானா டொக்டர்?"

"பெரியாக்களிட்டக் கேட்டு எழுதி வச்சிருக்கினம். பிள்ளையளிட்ட ஆர் கேட்டது? தேடிப் பாரும்."

பின்னேரம் வரை ஆய்வுக் கட்டுரைகளில் தேடினேன். கிடைக்காதவை:
– பிள்ளையிடமே கேட்டு எழுதியது. (அங்கொன்று இங்கொன்று. வெளிநாடு. ஆஸ்பத்திரிக்குள்.)
– தோட்டத்து வீடுகள். ஒன்றுமே இல்லை.
– தமிழில். இல்லை.
– வீட்டில் மருந்தை அளப்பவர் மனதில் என்ன ஓடுகிறது.
– பிள்ளை போன பிறகு அந்த வீடு.

எங்கள் படிவத்தையும் எடுத்துப் பார்த்தேன். நானே மொழிபெயர்த்தது. எல்லாக் கேள்வியும் "உங்கள் பிள்ளைக்கு..." என்றுதான் தொடங்குகிறது. பிள்ளையைப் பார்த்துக் கேட்க ஒரு வரிகூட இல்லை. இரண்டு மாதமாக எனக்கு உறைக்கவில்லை.

சப்பாத்து இன்னும் காயவில்லை. உள்ளே கடதாசி அடைத்து வைத்திருக்கிறேன்.

ஒக். 15, செவ்வாய்

மழை இல்லை, ஆனால் மலை முழுக்க வெள்ளை. லயன் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. உள்ளே வராமல், எழுந்தும் போகாமல், அறையையே பார்த்துக்கொண்டு.

துஷாந்தி சுவர்ப்பக்கம் திரும்பி முழங்காலை மடக்கிக் கிடந்தாள். தலையணை நுனி வாய்க்குள். கூப்பிட்டேன், கண்ணை மட்டும் திருப்பினாள். மருந்து கொடுத்தீர்களா என்றேன். கொடுத்தேன் என்றார் ஜெயலெட்சுமி. போத்தலைப் பார்த்தேன். இந்த நாளுக்கு இவ்வளவு மிச்சம் இருக்கக் கூடாது.

அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். நிலத்தில் குந்தி, சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னார்.

"பாதிதான் குடுக்குறேன் மிஸ். மருந்து குடுத்தாத்தான் அந்தப் பொம்பள வர்றா. எம்புள்ளைய கூட்டிக்கிட்டுப் போகத்தான் வர்றா. குடுக்காம இருந்தா வரமாட்டால்ல?"

"அவளுக்கு வலிக்குதே அக்கா."

"வலிச்சாலும் உசிரோட இருக்காள்ல. இருக்காள்ல மிஸ்."

எழுந்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"டொக்டர்கிட்ட சொல்லிறாதீங்க. மருந்தையே நிப்பாட்டிருவாங்க. லயத்துல தெரிஞ்சா பூசாரிய கூட்டியாந்து புள்ளைக்கு வேப்பிலை அடிப்பாங்க. சத்தியமா சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

சத்தியம் செய்யவில்லை. செய்யவில்லை என்பதை அவர் கவனித்தார். வாசல் வரை வராமல் நின்றுவிட்டார்.

ஒக். 16, புதன்

படிவத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது: நீங்கள் சொல்வது வேறு யாருக்கும் தெரிவிக்கப்படாது. என் தமிழ்தான். அடுத்த வரியும் இருக்கிறது: பிள்ளைக்குத் தீங்கு நேருமானால் தவிர. அதை நான் அன்று சத்தமாக வாசிக்காமல் தாண்டிப் போயிருந்தேன். பயப்படுவார்களே என்று.

பத்து மணிக்கு டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அழுதும் விட்டேன். அவர் மேசையைத் துடைத்தார்.

"சொன்னது சரி. சொல்லாம இருந்திருந்தா உம்மை வேலையால நிப்பாட்டியிருப்பன்."

"அவங்க என்னை இனி வீட்டுக்குள்ள விட மாட்டாங்க டொக்டர்."

"வெள்ளிக்கிழமை நானும் வாறன்."

ஒக். 18, வெள்ளி

ஆஸ்பத்திரி வேனில் போனோம். சாரதி மேலே வர மறுத்து, கோயிலடியில் நிறுத்திக்கொண்டார். "அந்தக் கடைசி வீடா? நீங்க போயிட்டு வாங்க." ஏன் என்று கேட்கவில்லை.

ஜெயலெட்சுமி என் முகத்தைப் பார்க்கவில்லை. டொக்டர் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய்க் கட்டிலோரம் நிலத்தில் உட்கார்ந்தார். கதிரை காலியாகத்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"துஷாந்தி, எங்க நோகுது? நீரே சொல்லும்."

அவள் இடுப்பைக் காட்டினாள், முதுகை, நெஞ்சை. காட்டி முடிக்க நேரமானது. இத்தனை இடம் என்று தாய்க்கே தெரியாது போல. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு அம்மா வாறவ எண்டு சொன்னீராமே, அவவைக் கண்டு உமக்குப் பயமோ?"

"எனக்கு இல்ல. அம்மாவுக்குத்தான்."

"மருந்து குடிச்சாத்தான் வாறவவோ?"

துஷாந்தி தலையாட்டினாள், இல்லையென்று. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"மருந்து குடுக்காட்டியும் வருவாங்க. ஆனா அப்ப உக்கார மாட்டாங்க. கட்டில்கிட்டயே நின்னுக்கிட்டு இருப்பாங்க. மருந்து குடிச்சாத்தான் போய் கதிரையில இருப்பாங்க."

வெளியே நாயின் சத்தம்கூட இல்லை. என் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை, பார்க்கவும் இல்லை.

ஜெயலெட்சுமி நேரே அடுப்படிக்குப் போனார். போத்தலும் ஊசியில்லாத சிரிஞ்சும் எடுத்து வந்தார். முதல் தடவை மருந்து சிந்தியது. டொக்டர் எழும்பி உதவவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் தடவை கோடு வரை முழுதாக இழுத்தார். பிள்ளையின் வாயில் மெதுவாக விட்டார்.

"மன்னிச்சுக்க சாமி" என்றார். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

அரை மணித்தியாலத்தில் துஷாந்தியின் மடங்கிக் கிடந்த முழங்கால் நீண்டது.

திரும்பும்போது வேனில் டொக்டர், வெளியே பார்த்தபடி: "எழுதினீரோ?"

"எந்த இடத்துல எழுதுறது டொக்டர்? படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே."

"பின்பக்கத்தில எழுதும். அவள் சொன்ன மாதிரியே."

ஒக். 22, செவ்வாய்

வெயில். துவைத்த துணி ஒரே நாளில் காய்ந்தது, அதிசயம்.

அவள் உட்கார்ந்திருந்தாள், முதுகுக்குத் தலையணை வைத்து. நகத்துக்கு ஊதா பொலிஷ். ஜெயலெட்சுமி என்னிடம் பேசினார், கொஞ்சம். மத்தியானச் சோறு போட்டார், பலாக்கொட்டைக் கறி. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். மன்னித்தாரா தெரியவில்லை.

அவர் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனபோது, படிவத்தை மூடி வைத்துவிட்டுத் துஷாந்தியிடம் கேட்டேன்.

"நான் கேக்காததுன்னு சொன்னியே. அந்த அம்மா என்ன கேக்குறாங்க?"

"போகலாமான்னு."

"நீ?"

"இன்னும் இல்லன்னு. தீபாவளிக்கு அப்பா வருவாரு. அம்மா தனிய இருக்கப்ப போகக் கூடாது." பிறகு நகத்தைப் பார்த்துக்கொண்டு: "நீங்க அம்மாகிட்ட சொல்லாதீங்க மிஸ். இது சொன்னா தீங்கு இல்லல்ல?"

தீங்கு. அந்தச் சொல்லை அவள் எங்கே கேட்டாள்? அவளுக்கு முன்னால் நான் அதை வாசிக்கவே இல்லை.

தீங்கு இல்லை என்று தலையாட்டினேன். தாயிடம் சொல்லவில்லை.

ஒக். 31, வியாழன்

தீபாவளி. கண்டி டவுன் முழுக்க வெடிப்புகை. என் அக்கா வீட்டில் சாப்பாடு, முறுக்கு தீய்ந்துவிட்டது, யாரும் குறை சொல்லவில்லை.

ஜெயலெட்சுமியின் போனிலிருந்து குரல் செய்தி. துஷாந்தி: "மிஸ், அப்பா வந்துட்டாரு. ஹெப்பி தீபாவளி." பின்னால் ஒரு ஆண் சிரிப்பு. நல்ல சிரிப்பு.

பதில் அனுப்பினேன்.

நவம்பர் 3, ஞாயிறு

நேற்றுக் காலை. தகப்பன்தான் போனில் பேசினார். "புள்ள போயிருச்சு மிஸ். அம்மா மடியிலதான். வலிக்கல. உங்ககிட்ட சொல்லணும்னு அவ அம்மா சொன்னா, வலிக்கலன்னு."

இன்று போய் வந்தேன். கூட்டம், மழை, சேறு. ஜெயலெட்சுமி என் கையைப் பிடித்தார், விட்டார். சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள்.

நவ. 6, புதன்

பட்டியலில் துஷாந்தியின் இலக்கத்துக்கு நேரே கோடு போடச் சொன்னார் டொக்டர். கடைசிப் பகுதி நிரப்பாததால் கணக்கில் சேராதாம்.

"அந்த வீட்டுக்கு இனிப் போறதில்லையா டொக்டர்?"

"எங்கட ஆய்வு இறப்போட முடியுது. அப்பிடித்தான் எழுதிக் குடுத்தனான்." மேசையைத் துடைத்தபடி: "பிழைதான். தெரியும்."

பின்பக்கத்தில் எழுதியது மூன்று பக்கம். அதைக் கிழிக்கச் சொல்லவில்லை. வேறு கோப்பில் போட்டேன். கோப்புக்குப் பெயர் வைக்கவில்லை.

நவ. 19, செவ்வாய்

லீவு போட்டுவிட்டுப் போனேன். வேலையாக இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து தகப்பன் கொழும்புக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டதால்.

நல்ல மழை. தூரத்திலிருந்தே தெரிந்தது, கதவு திறந்து கிடக்கிறது. சாரல் உள்ளே அடித்து முன்னறைச் சீமெந்தெல்லாம் ஈரம். அடுப்படிக் கதவும் திறந்தபடி. முன்வாசலில் நின்றால் வீட்டுக்குள்ளாகவே பின்பக்கத் தேயிலை தெரிகிறது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. ஜெயலெட்சுமி நடுவில் பாயில், போர்வையைச் சுற்றிக்கொண்டு.

சாத்தப் போனேன். "வேணாம் மிஸ்" என்று பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார்.

"அன்னைக்கி விடிஞ்சதும் சொன்னா: ரெண்டு கதவையும் தொறந்து வைங்கம்மா. எதுக்குன்னு நான் கேக்கல. இவரு அத தொறந்தாரு, நான் இத தொறந்தேன். வந்து மடியில போட்டுக்கிட்டேன். ஒரு காத்து வந்துச்சு. போச்சு. அப்புறம் அவ மூச்சு எடுக்கல."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"அன்னைலருந்து சாத்தல. பக்கத்து வீட்டுல ஏசுறாங்க, பூச்சி பொட்டு வரும்னு. இவரும் சொல்லிட்டுத்தான் போனாரு. சாத்தப் போனா கை வரமாட்டேங்குது. போயிட்டாளா, இல்ல இன்னும் போய்க்கிட்டே இருக்காளா? பாதியில சாத்திட்டா?"

மழை பலத்தது. இருவருக்கும் கால் நனைந்தது. நகர்ந்து உட்காரவில்லை.

"டொக்டர் ஒண்ணும் சொல்லித்தரல. மலையில வேலை வாங்குற கங்காணியம்மாகிட்ட கேட்டேன், அழுவுறாங்களே தவிர சொல்லல. நீங்க படிச்சவங்க. புள்ள போன வீட்டுல கதவ எப்ப சாத்தலாம்னு உங்க ஆராய்ச்சியில போட்டிருக்கா மிஸ்?"

"தேடிப் பார்த்தேன் அக்கா. போன பிறகு அம்மாக்கள்கிட்ட யாரும் போய்க் கேக்கல. ஒண்ணும் இல்ல."

ஜெயலெட்சுமி போர்வையை இறக்கிவிட்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப கேளுங்க" என்றார். "எழுதிக்கங்க."