ஸ்டியரிங்குக்கு வைத்த குங்குமம்

27 மே 2024, திங்கள்

இன்றைக்கு ஒரு கப்பல் பார்த்தேன். நான் எங்கே பார்த்தேன், அதுதான் என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரி புஷ்பவள்ளியின் தம்பி குணாளனோடு போர்ட்டிக்சனுக்கு மீன் வாங்கப் போன இடத்தில், படகுத்துறையில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. ஒரு உடம்புக்குப் பதில் இரண்டு உடம்பு, நடுவில் பலகை போட்டு வீடு. முப்பத்தாறு அடி. பாய்மரம் நம் தோட்டத்து ஆலைப் புகைபோக்கி உயரம். 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்குகிறது.

கட்டமரான் என்றான் சொந்தக்காரன் ஆலன், நியூசிலாந்துக்காரன். அடேய், அது நம்ம கட்டுமரம்டா! என் பாட்டன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த மலாய் நாட்டுத் தோட்டத்துக்கு வந்தவர். கடல் எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது. வழியெல்லாம் வாந்தி எடுத்தார் என்பார்கள். அது சாப்பாட்டுக் கோளாறு.

இன்ஜினைத் திறந்து காட்டினான். முப்பது வருசம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டியவனுக்கு டீசல் இன்ஜினைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? காதை வைத்துக் கேட்டேன். நல்ல மூச்சு. சுமத்ராவுக்குப் பல தடவை போயிருக்கிறேன் என்றும் சொல்லி வைத்தேன். எதிரேதானே இருக்கிறது, போன மாதிரிதான்.

28 மே

தூக்கமே இல்லை. கட்டில் ஆடுவது போல இருந்தது. சுகம்.

30 மே

விலை பேசி முடிந்தது. ராசா ஊரில் அப்பா வாங்கிப் போட்டுவைத்த நிலம் கப்பலாகப் போகிறது. ஆனால் ஆலன் ஒரு கொக்கி போட்டுவிட்டான். இது இரண்டு பேர் ஓட்டுகிற படகாம். அவனும் மனைவியும் பாதி உலகம் சுற்றினார்களாம், இப்போது அந்த அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. "உன் மனைவி வந்து ஏறி, சரி என்று சொன்னால் தருகிறேன்" என்றான். ஒன்பதாம் தேதி சிங்கப்பூரிலிருந்து வேறு ஆள் பார்க்க வருகிறான்.

வீட்டில் வந்து சொன்னபோது புஷ்பவள்ளி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அம்மா வாசல்ல நிக்காத வண்டியில நான் என்னிக்காச்சும் ஏறியிருக்கேனா? கொண்டாந்து நிறுத்துங்க. ஏறுறேன்."

நியாயம்தான். மோட்டாரோ லாரியோ, எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் ரோட்டுக்குப் போகும்.

"இதென்ன பிரமாதம்! பெரிய லாரியில ஏத்திக் கொண்டாறேன்" என்றேன். பூசாரி சன்னாசியிடமும் சொல்லியாகிவிட்டது. பெடாஸ் டவுன் டீக்கடையிலும்.

2 ஜூன்

கயிறு பிடித்து அளந்தோம். நாற்பத்தைந்து அடிக் கப்பல், அகலமே இருபதுக்கு மேல். தோட்டத்துச் சாலையில் ஒரு லாரி போனால் ஆடு ஒதுங்க இடமில்லை. இரண்டு பக்கமும் செம்பனை.

குணாளன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "மாமா, மரத்தையெல்லாம் வெட்டச் சொல்லி மேனேஜர்கிட்ட கேளுங்க லா. இல்லாட்டி அம்மனத் தூக்கிக்கிட்டு போட்டிக்சன் போயிருவோம்" என்றான். நாய்ப்பயல்.

என்னா பண்றது? ஊரெல்லாம் தண்டோரா போட்டாச்சு. அவ ஏறமாட்டா. அவ இல்லாம எனக்கு எதுக்குக் கப்பலு? பிள்ளைங்க ரெண்டும் சிங்கப்பூர்ல. நான் ரோட்டுலயே கெடந்தேன், அவ ரப்பர் பால்மரத்துலயே கெடந்தா. ஒண்ணா எங்க போனோம்?

4 ஜூன்

காலையில் டீயை வைத்துவிட்டு நின்றாள்.

"அந்தக் கப்பலுக்கு ஸ்டியரிங் இருக்குதா இல்லியா?"

"இருக்கு. வட்டமா, இம்மாம் பெருசு."

"கழட்ட வருமா?"

"வரும்."

"அப்ப அதக் கொண்டாங்க. வண்டின்னா ஸ்டியரிங்தான். மத்ததெல்லாம் தகரம்."

இந்த யோசனை எனக்கு முன்பே வந்துவிட்டது. அவள் வாயால் வரட்டும் என்றுதான் இரண்டு நாள் சோறு இறங்காதவன் போல் இருந்தேன்.

7 ஜூன், வெள்ளி

ஆலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு தானே கழற்றினான். சக்கரத்தைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அவனே குணாளனின் வேனில் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

கோயிலில் ஆயிரம் பேர். கொஞ்சம் குறையலாம். சன்னாசி மாலை போட்டு, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழம் என் கையிலேயே நின்றது. எந்த டயருக்கு அடியில் வைப்பது?

"சக்கரம் கண்ணு முன்னால இருக்கையில என்னாய்யா யோசன?" என்று சன்னாசியே பழங்களை வாங்கித் தரையில் வைத்தார். ஒரு பக்கம் ஆலனும் மறுபக்கம் நானும் நிமிர்த்திப் பிடித்து உருட்டினோம். சளக், சளக்! கூட்டம் கைதட்டியது. ஆலன் நெற்றியில் திருநீறோடு மூன்று தடவை பொங்கல் வாங்கினான்.

புஷ்பவள்ளி சக்கரம் முழுக்கக் குங்குமம் அப்பினாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

8 ஜூன்

குங்குமத்தைத் துடைக்காமலே சக்கரத்தை மாட்டினோம். புஷ்பவள்ளி வலது கால் வைத்து ஏறினாள்.

துறையைத் தாண்டியதும் தென்னை உயரத்துக்கு அலை. கப்பலின் உள்பகுதியைச் சோதிக்க வேண்டியிருந்ததால் கீழே இறங்கினேன். ஒரு வாளியோடு வெகுநேரம் சோதித்தேன். பாட்டனின் சாப்பாட்டுக் கோளாறு.

ஆலன் பாய்க் கயிற்றில் இருந்தான். யாராவது சக்கரத்தைப் பிடிக்க வேண்டுமே. மேலே மலாயில் அவன் குரல் மட்டும் கேட்டது: "கானான் சிக்கிட், அக்கா! பாகுஸ்!" வலப்பக்கம் கொஞ்சம் என்றால், கப்பல் கொஞ்சமாகத்தான் திரும்பியது. பிரமாதம் என்று பாராட்டு வேறு.

எட்டிப் பார்த்தேன். காலை அகட்டி நிற்கிறாள். முந்தானை இடுப்பில். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. இந்தச் சிரிப்பை இத்தனை வருசம் எங்கே வைத்திருந்தாள்?

"ஏங்க! இது லாரி மாதிரி இல்லீங்க, மாடு அவுத்துக்கிட்டு ஓடுற மாதிரி ஓடுது!"

'சரியா' என்று ஆலன் அவளைக் கேட்கவே இல்லை. இன்ஜின் சாவியை எடுத்து அவள் முந்தானை முனையில் முடிந்துவிட்டான்.

திரும்பும்போது துறையில் குணாளன் ஆள் சேர்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவள் உள்ளங்கை இரண்டும் ஈரக் குங்குமத்தில் செக்கச் செவேல். என் கையைப் பார்த்தேன். வெளுத்துப் போய் வாளி வாடை.

"வள்ளி, கரை வர்றதுக்குள்ள கொஞ்சம் குடு. என் கையும் செவக்கட்டும்."

ஒரு கை அளவு நகர்ந்தாள்.

"ஓரமாப் பிடிங்க. திருப்பிடாதீங்க."

பிடித்தேன். ஐம்பதடிக் கப்பலை நாங்கள்தான் ஓட்டி வந்து கட்டினோம்.