தூக்குச்சட்டிக்குப் போன மெடல்கள்

மட்டாஞ்சேரி
9-8-1987

அன்பு மகள் மீனாக்ஷிக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒச்சாண்டம்மனைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். உன் கடிதமும் அதற்குள் வைத்திருந்த மனுவும் போன வாரம் வந்து சேர்ந்தன. இங்கே ஒரே மழை, பாண்டிகசாலைக் கிடங்கில் சுக்கு காயவில்லை என்று எங்களுக்கு நாலு நாளாக வேலை இல்லை. முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பேரனுக்குச் சளி விடவில்லை என்று எழுதியிருந்தாய், கற்பூரவல்லி இலையை வாட்டிச் சாறு பிழிந்து கொடு, தலைக்கு ஊற்றினால் உடனே துவட்டு, அந்த ஊர்த் தண்ணீர் உனக்கே ஒத்துக்கொள்ளாது.

என் கடிதத்தை மாப்பிள்ளைதான் உனக்குப் படித்துச் சொல்வார் என்று தெரியும், மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த உனக்குத் தமிழ் எழுத்து தட்டும். இதை மட்டும் நீயே எழுத்துக்கூட்டிப் படி. நானும் வழக்கம்போல் பக்கத்து வீட்டு கமலாக்ஷி அக்காவிடம் சொல்லி எழுதவில்லை. மூணாம் வகுப்புக் கையெழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். இதைச் சொல்லி எழுத வைக்கிற அளவுக்கு எனக்கு முகம் இல்லை.

உங்கப்பா பட்டாளத்தில் வாங்கிய மூணு மெடலுக்கும் நகல் கேட்டு மனு எழுதியிருக்கிறாய். மகள் சிறு வயதில் காயலில் தொலைத்துவிட்டாள் என்று காரணம் போட்டு, கீழே நான் கையெழுத்துப் போட இடமும் விட்டிருக்கிறாய். பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை மீனா. நீ தொலைக்கவில்லை. நான்தான் அதைப் பழைய துணிக்கு எவர்சில்வர் ஏனம் கொடுக்கிறவனிடம் போட்டேன்.

நீ ரெண்டாம் வகுப்புப் படித்த வருஷம். உங்கப்பா பட்டாளத்தை விட்டு வந்து, நான் சுக்குத் தரம் பிரிக்கிற பாண்டிகசாலையிலேயே வாச்மேன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பனிமலையில் ரெண்டு கால்விரலைக் கொடுத்துவிட்டு வந்த மனுஷன், விடிவதற்கு முன்னால் எழுந்து எனக்குப் பால் ஊற்றாத கட்டன்சாயா போட்டு வைப்பார், உன் பள்ளிக்கூடப் பாவாடையைப் பட்டாளத்து மடிப்பு விழத் தேய்த்துக் கொடுப்பார், கொசுவலையைச் செங்கல் மாதிரி மடித்து வைப்பார். எல்லாம் முடிந்த பிறகு கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து அந்த மெடல்களை எடுத்துத் துடைப்பார். அதில் ஒன்று அறுபத்தைந்து சண்டைக்குக் கொடுத்தது. அந்தச் சண்டையில் அவர் இருந்தபோதுதான் உனக்கு மூத்தவன் காய்ச்சலில் போனான், நான் ஒருத்தியே நின்று அடக்கம் பண்ணினேன். அதை அவர் துடைக்கத் துடைக்க எனக்கு வயிறு எரியும். ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. ஆசை தூக்குச்சட்டி மேல்தான். மற்ற பொம்பளைகள் எல்லாம் பளபளவென்று தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டு வருவார்கள், என்னுடையது நசுங்கின அலுமினியம், அதை வைத்து அவர்கள் என்னைக் கேலி பண்ணுவார்கள். ஏனக்காரன் வந்த அன்றைக்கு உங்கப்பாவின் கம்பளிக் கோட்டையும் ரெண்டு காக்கிக் கால்சட்டையையும் போட்டேன், மூடி போட்ட சட்டிக்கு இது காணாது என்றான். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, அந்தப் பதக்கத்தையும் போடு என்றான். தெரிந்துதான் மூணையும் எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் உங்கப்பா பெட்டியைத் திறந்து மெடல் எங்கே என்று கேட்டார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ அதைச் சட்டையில் குத்திக்கொண்டு படகுத்துறைப் பக்கம் அணிவகுப்பு நடந்தாய் இல்லையா, அதைப் பார்த்து அவரே சிரித்தார். அது நாக்கில் வந்துவிட்டது. மீனாதான் மறுபடியும் எடுத்துக்கொண்டு போனாள், காயலில் விழுந்திருக்கும் என்றேன். நீ இல்லை என்று சொல்லக்கூட இல்லை, எடுத்து விளையாடின பிள்ளைதானே, நிஜமாகவே விழுந்திருக்கும் என்று நம்பிவிட்டாய். அவர் உன்னை அடிக்கவில்லை, ஒரு சொல் திட்டவில்லை. தண்ணீர் இறங்கியதும் அந்த விரலில்லாத காலோடு படகுத்துறைக்குக் கீழே சேற்றில் இறங்கித் தேடினார், ரெண்டு நாள். நீ கரையில் அழுதுகொண்டு நின்றாய். நான் வீட்டில் புதுச்சட்டிக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு இருந்தேன்.

மூணாம் நாள் அவர் சட்டியைப் பார்த்தார், பெட்டியில் கோட்டு இல்லாததையும் பார்த்தார். என் அண்ணன் வாங்கிக் கொடுத்தது என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, அதில் ஊற்றின கஞ்சியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அதோடு சேற்றில் தேடுவதையும் விட்டுவிட்டார். அவருக்குத் தெரியாது என்றே நான் பதின்மூணு வருஷம் இருந்தேன். போன கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது என்னைக் குனியச் சொல்லி, "சட்டி எங்கருந்து வந்துச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மாயி. உன்னைப் பிள்ளை முன்னாடி தாழ்த்த மனசு வரல. பிள்ளை தான் தொலைச்சதா இன்னும் மனசுல வச்சுருக்கு, நீயே சொல்லிப்புடு" என்றார். சொல்லுகிறேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் அவர் போய்விட்டார். பட்டாளத்துச் சங்கத்துக்காரர்கள் மாலையோடு வந்தார்கள், சுபேதார் வெங்கிடேஸ்வரன் சார் நெஞ்சில் குத்துவதற்கு மெடல் கேட்டார். ரயிலை விட்டு இறங்கி ஒரு மணிநேரம்கூட ஆகாத நீ எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னாலும், "நான்தான் சார் சின்னப் பிள்ளையில தொலைச்சுப்புட்டேன்" என்று சொன்னாய். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். அழுகிற மாதிரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். மெடலைப் போட்டதைவிட எனக்கு அதுதான் வெட்கமாக இருக்கிறது. அப்பா கடைசி வரைக்கும் என்னை மன்னித்தாரோ இல்லையோ என்று கடிதத்தில் கேட்டிருந்தாய். உன்னை மன்னிக்க அவருக்கு ஒன்றுமே இருந்ததில்லை தாயி.

மனுவில் நீ எழுதின வரியை அடித்துவிட்டு, மனைவி மாயம்மாள் ஏனத்துக்குப் போட்டுவிட்டேன் என்று என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இப்படி எழுதினால் நகல் தருவார்களோ மாட்டார்களோ தெரியாது. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தையும் காட்டு, நீ தொலைத்தாய் என்றுதானே அவரும் நினைத்துக்கொண்டு இருக்கிறார்.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் தீர்க்காயுசோடு நல்லா இருக்கணும், உங்கப்பா உங்களுக்குத் துணை இருப்பார். என்னோடு பேசப் பிடிக்காவிட்டாலும் கார்த்திகையில் அப்பா தெவசத்துக்கு வந்துவிடு, ரயிலுக்கு இப்போதே சீட்டு எடுத்து வைக்கச் சொல். சங்கத்துக்காரர்களையும் வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீ எழுந்து நின்ன இடத்தில் அன்றைக்கு நான் எழுந்து நிற்பேன். நீ என் பக்கத்தில் வராதே, அவர்களோடு உட்கார்ந்து கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஒ. மாயம்மாள்