உருளைக்கிழங்குக்கு விசிறி வீசியவர்

மேலகரம்,
தென்காசி.
14-7-1961

சிரஞ்சீவி அய்யாத்துரைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். நீ கல்கத்தாவில் சுகமாக இருக்கிறாய் என்பதை உன் மேனேஜர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன், ஆகையால் இந்தத் தடவை உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடாதே. உன் அம்மாவுக்கு இவ்வளவு கோபம் வந்து நீ பார்த்ததில்லை, நானே பார்த்ததில்லை.

நீ போன மாதம் என்ன எழுதினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா, எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. மேனேஜரும் அவர் சம்சாரமும் குற்றாலம் சீசனுக்கு வருகிறார்கள், ஒரு சாயங்காலம் நம் வீட்டுக்கு டிபனுக்கு வருவார்கள், என் டிரான்ஸ்பர் அவர் கையில்தான் இருக்கிறது, நன்றாகக் கவனித்து அனுப்புங்கள் என்று எழுதினாய். அதோடு விட்டாயா? முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் அவர்கள் முன்னால் கொண்டுவந்து வைக்காதீர்கள், உருளைக்கிழங்கை விரல் விரலாக நறுக்கி மொறுமொறு என்று பொரித்துத் தக்காளி சாஸோடு வையுங்கள் என்று செய்முறை வேறு எழுதினாய். கடைசியில், அவரிடம் வேலை விஷயம், டிரான்ஸ்பர் விஷயம் எதுவும் பேசவேண்டாம், அவருக்குப் பிடிக்காது என்று கீழே கோடு போட்டு எழுதினாய். முந்திரிக்கொத்து உனக்கு எப்போதிலிருந்து கேவலமாகிப் போனது? பள்ளிக்கூடம் போகும்போது டவுசர் பை முழுவதும் அதை அமுக்கிக்கொண்டு போனவன் நீ, அந்த எண்ணெய்க் கறையைத் துவைத்துத் துவைத்து என் கை தேய்ந்தது. அப்போதே எனக்குச் சுருக்கென்று வந்தது, உன் அப்பாதான், "ஏட்டி, கோவத்த அடக்கு. மவன் இங்கன வாறதுக்கு ஒரு வழி பொறந்திருக்கு. கெழங்கத்தான பொரிக்கச் சொல்லுதான், கல்லையா பொரிக்கச் சொல்லுதான்" என்று என் வாயை அடைத்தார்.

சரி என்று ஆரம்பித்தேன். இங்கே கடைத்தெருவில் முளைவிட்ட பொடிக்கிழங்குதான் இருந்தது, உன் அப்பா பஸ் ஏறி பாவூர்சத்திரம் போய் நீளக் கிழங்காக ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார், அந்த வியாபாரி இவரைப் பெண் பார்க்க வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தானாம். அப்புறம் சாஸுக்கு வினிகர். நல்லக்கண்ணு கடையில் கேட்டால், "அது மருந்துக் கடையில கெடைக்கும் ஆச்சி" என்கிறான், மருந்துக் கடைக்காரன் மளிகைக் கடைக்குப் போகச் சொல்கிறான். அடுத்த வீட்டு அலிமாதான் ஊறுகாய்க்கு வைத்திருந்த காடியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். தக்காளியை வேகவைத்துத் தோலுரித்து மசித்துத் துணியில் வடிகட்டி, மிளகாய்வற்றலும் பூண்டும் கிராம்பும் சிறு மூட்டையாகக் கட்டி உள்ளே போட்டு, உப்பும் சீனியும் அந்தக் காடியும் சேர்த்துச் சுருளச் சுருளக் கிண்டினேன். தக்காளியில் சீனியைப் போட்டேன் அப்பா, இந்தக் கையால் போட்டேன். அலிமா எட்டிப் பார்த்து, "என்னக்கா, இருமலுக்கு மருந்தா காய்ச்சுதிய?" என்று கேட்டாள். என் மகன் வரப்போகிறான் என்று சொன்னேன்.

கிழங்கைச் சுண்டுவிரல் கனத்துக்கு நறுக்கி, மாவுத் தண்ணீர் போகும்வரை அலசி, துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் காயவைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஏலே, வெயிலுக்கு நான் எங்கே போவேன்? நீ இந்த ஊரில் பிறந்தவன்தானா? ஆனி மாதம் இங்கே என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? மலை தெரியாமல் மேகம் மூடி, விடாமல் சாரல் தூறி, கொடியில் போட்ட சேலை நாள் கணக்கில் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கிறது, உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராகி நிற்கிறது, இதில் கிழங்கை வெயிலில் போடு என்கிறாய். இந்த ஊர்ச் சாரலையே மறந்துபோன ஒருவன் எழுதிய எழுத்து இது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? தம்முடைய சலவை வேட்டியை எடுத்துக் கூடத்தில் விரித்து, அதன்மேல் கிழங்கைப் பரத்தி, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீச ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அடுப்பங்கரைக்குத் தண்ணீர் குடிக்கக்கூட வராதவர். கை மாற்றி மாற்றி வீசினார், திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு வீசினார். போதும் எழுந்திருங்கள் என்றால், "காயட்டும்டி, மொறுமொறுன்னு இருக்கணும்னு எழுதியிருக்கான்லா" என்கிறார். மறுநாள் தோளைத் தூக்க முடியாமல் கிடந்தவருக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

ஒரு கைப்பிடி பொரித்துப் பார்த்தால் சட்டியிலிருந்து எடுக்கும்போது சலசல என்கிறது, கூடத்துக்குக் கொண்டுபோவதற்குள் துவண்டுபோகிறது. அத்தனை ஈரம் காற்றில். அப்புறம் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன், முதலில் அரை வேக்காட்டில் பொரித்து எடுத்து வைத்துக்கொள்வது, அவர்கள் வந்து உட்கார்ந்ததும் எண்ணெயை நன்றாகக் காயவைத்து மறுபடியும் பொரித்து உப்புத் தூவி அப்படியே தட்டோடு ஓடுவது. அப்படித்தான் ஓடினேன். மேனேஜர் சம்சாரம் வங்காளத்துப் பெண், ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் சாஸில் தொட்டுத் தொட்டு அவள் தின்ற அழகைப் பார்த்தால் வயிறு நிறைந்தது. உன் மேனேஜர் பாலக்காட்டுக்காரர், நல்ல மனுஷர், அவரிடம் எனக்குக் கோபம் இல்லை.

மூன்றாவது தட்டோ நான்காவது தட்டோ கொண்டுபோனபோது உன் அப்பா அவர்களுக்காக வாங்கிய மங்குஸ்தான் கூடையை அவர்கள் காரில் வைக்க வாசலுக்குப் போயிருந்தார். இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நீ கோடு போட்டு எழுதியது கண்ணில் நிற்கத்தான் செய்தது, ஆனாலும் பெற்ற வயிறு கேட்கிறதா? "ஐயா, எம் மவனை மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ மாத்திக் குடுங்க, நாங்க ரெண்டு பேரும் ஒத்தையில கெடக்கோம்" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டேன். சாஸில் தொட்ட கிழங்கைக் கையில் பிடித்தபடி அவர் என்னைப் பார்த்தார். "என்ன அம்மா, மதுரையில் பிராஞ்ச் திறந்தப்போ ஆத்யம், முதல் முதலா, அவனைத்தானே கேட்டேன், வேண்டாம் சார்னான். இந்தச் சித்திரையிலும் கேட்டேன், எனக்கு இங்கேதான் சுகம்னான். அம்மைக்கு அறியில்லையா?" என்றார். "தெரியும் ஐயா, சொல்லியிருந்தான், எனக்குத்தான் மறந்துபோச்சு" என்று சொன்னேன். உன் மானம் போகக்கூடாது என்று சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது, அதற்கப்புறம் அவர் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை, தட்டில் இருந்ததெல்லாம் நமுத்துப் போயிற்று.

ஏன்டா, நாங்கள் உன்னை என்ன செய்துவிடுவோம் என்று பயந்தாய்? அம்மா, எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று ஒரு வரி எழுத உனக்கு என்ன தடை? அழுதிருப்பேன், நாலு பேச்சுப் பேசியிருப்பேன், அப்புறம் அடுத்த ரயிலில் வருகிறவர் யாரிடமாவது முந்திரிக்கொத்து கொடுத்து அனுப்பியிருப்பேன். அதைச் செய்யாமல் ஒவ்வொரு கடிதத்திலும் மனுப் போட்டிருக்கிறேன், மேலே போயிருக்கிறது, வந்துவிடும் என்று எழுதினாயே. பெற்றவர்களை வைத்து விளையாடுகிறாயா? உன் மேனேஜர் மனம் குளிரவேண்டும் என்பதற்காக, இல்லாத டிரான்ஸ்பரைக் காட்டி எங்கள் இரண்டு பேரையும் வேலை வாங்கியிருக்கிறாய். அந்த மனுஷன் விசிறி வீசினாரே, அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கார் போனதும் உன் அப்பா வாசலிலிருந்தே, "ஏட்டி, கேட்டியா? என்ன சொன்னாரு?" என்றார். நான் கேட்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்ல? "பாக்கேன்னு சொன்னாரு" என்று சொல்லிவிட்டேன். உன் பொய்யை இப்போது நான் சுமக்கிறேன். அன்றையிலிருந்து அவர் பண்ணுகிற அமர்க்களம் தாங்கவில்லை. சீசனுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் கேட்டும் வாடகைக்கு விடாமல், மகன் வந்தால் எங்கே இருப்பான் என்று பூட்டியே வைத்திருக்கும் முன் அறைகள் இரண்டையும் திறந்து, வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டுவிட்டார். இந்தச் சாரலில் சுண்ணாம்பு காயாது, புரட்டாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கேட்கிறாரா? சுவர் முழுவதும் ஈரம். அதற்கும் விசிறி எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

வாசுதேவநல்லூரில் உன் தங்கை தங்கபுஷ்பம் சுகமாக இருக்கிறாள், ஐப்பசியில் பிள்ளை பிறக்கும், அண்ணன் அதற்குள் ஊரோடு வந்துவிடுவானா என்று கேட்டு எழுதியிருக்கிறாள், அவளுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அங்கே யாரையாவது மனதில் வைத்திருக்கிறாயா, இருந்தால் அதையும் சொல். பெண் எந்த ஊர், என்ன பாஷை என்று கேட்கமாட்டேன். கேட்பேன், ஆனால் சண்டை போடமாட்டேன். போடுவேன், கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடுவேன். நீ இங்கே வந்து இரு என்று நான் இனி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். வந்து சொல் என்றுதான் சொல்கிறேன். கடிதத்தில் எழுதிவிடலாம் என்று நினைக்காதே, தபால்காரன் கொடுப்பதை உன் அப்பா வாசலில் நின்றே படிப்பார், அந்த நேரம் நான் அடுப்படியில் இருப்பேன். அவருக்கு எதிரில் உட்கார்ந்து நீயே சொல்ல வேண்டும்.

சாஸ் அரை பாட்டில் மிச்சம் இருந்தது. கொட்டிவிடலாம் என்று எடுத்தேன், உன் அப்பா விடவில்லை. தினமும் காலையில் தோசைக்கு அதைத் தொட்டுக்கொள்கிறார். இனிப்பு அவருக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும், ஒவ்வொரு வாய்க்கும் முகம் கோணிப்போகிறது, ஏன் இந்தக் கஷ்டம் என்று கேட்டேன். "மவனுக்கு இதுதான புடிக்குது. அவன் வந்தபெறகு எனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணுன்னு ஒனக்கு ரெண்டு வேலையா? இப்பவே பழகிக்கிடுதேன்" என்கிறார்.

குற்றாலத்துக் குழல்வாய்மொழி அம்மன் துணையால் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், இருந்தாலும் மனதார எழுதுகிறேன். தலைக்கு எண்ணெய் வை. பாட்டிலில் இன்னும் நாலு விரல் சாஸ் இருக்கிறது, அது தீருவதற்குள் லீவு போட்டுவிட்டு வா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற கோபக்காரி,
குழல்வாய்மொழி