வான்படத்தில் வெளுத்துப்போன நாலு ஏக்கர்

அனுப்புநர்:
அ. மதிவதனி (வயது 34),
க/பெ. அன்புமணி,
காலனி, ஊஞ்சப்பாளையம்,
வெள்ளகோவில் வழி, காங்கயம் வட்டம்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
ஈரோடு.

பொருள்: அரசு எங்களுக்கு ஒப்படை செய்த மேய்ச்சல் நிலத்தைக் கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு தரிசு என வகைப்படுத்தியது – ஒப்படையை ரத்து செய்யும் நடவடிக்கையை நிறுத்தி, நேரில் பார்த்து முடிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் மாமனார் திரு. அங்கப்பன் பெயருக்கு வருவாய்த் துறையிலிருந்து கடந்த ஆனி மாதம் வந்த, விளக்கம் கோரும் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதிக் கொடுப்பவரிடம் போனால் ஊருக்குள் செய்தி பரவிவிடும் என்று பயந்து நானே எழுதுகிறேன். சொல்லிலோ முறையிலோ குறை இருந்தால் பொறுத்துக்கொண்டு, முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. என் மாமனார் அங்கப்பன் இளமையில் பிறர் காடுகளில் கூலி வேலை செய்தவர். எழுபதுகளில் அரசு அவருக்கு நாலு ஏக்கர் மேட்டு நிலத்தை ஒப்படை செய்தது. நிலத்தை விற்கக் கூடாது, தரிசாகப் போடக் கூடாது என்பவை நிபந்தனைகள். அங்கே கிணறு இல்லை, தோண்டினாலும் பாறைதான். ஆகவே அவரும் என் மாமியார் மாசாணியம்மாளும் சேர்ந்து அதைக் கொறங்காடு ஆக்கினார்கள். தாங்கள் வேறு சீமையிலிருந்து பணிக்கு வந்திருக்கலாம் என்பதால் சொல்கிறேன்: கொறங்காடு என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை முள்ளால் உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். புல் கோடையில் காய்ந்து வெளுத்துவிடும், வேர் சாகாது. மழை விழுந்தால் மறுபடி தழைக்கும். காய்ந்த புல்லையும் வெள்வேலங்காயையும் தின்றே எங்கள் செம்மறிகள் கோடையைத் தாண்டும். மாமியார் காலமான பிறகும் எங்கள் குடும்பம் இதை வைத்துத்தான் பிழைக்கிறது.

2. கடந்த சித்திரை மாதம் வறண்ட நிலங்களை ஆய்வு செய்யும் குழுவினர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். அதில் திரு. சென்னகிருஷ்ணன் என்ற அதிகாரி மரியாதையானவர். எங்கள் பானைத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். செயற்கைக்கோள் எடுத்த படம் ஒன்றை வெள்வேல மரத்தடியில் விரித்துக் காட்டினார். எங்கள் நாலு ஏக்கர் அதில் ஓர் அரிசி அளவுகூட இல்லை. சாம்பல் பூத்தாற்போல் வெளிறியிருந்தது. பக்கத்தில் ஓர் இடம் மட்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. நெருப்புப் பிடித்த இடமோ என்று நான் கேட்டேன்.

"இல்லைம்மா. பச்சை இருக்கற இடம் இந்தப் படத்துல சிவப்பாத் தெரியும். அது உங்க பக்கத்துக் காடு" என்றார்.

பக்கத்துக் காடு திரு. வேங்கடசாமி நாயுடு அவர்களுடையது. அவர் கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறை வைத்துப் போன பிறகு, அது சீமைக்கருவேலம் மண்டி ஆடு நுழைய முடியாமல் கிடக்கிறது. அதிகாரியும் வேலியோரமாக நடந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் சரியில்லை. "படத்துல எப்படித் தெரியுதோ அப்படித்தான் முதல்ல குறிப்பாங்க. மழைக்கப்புறம் எடுத்த படத்தையும் சேர்த்து வெச்சுப் பாக்கணும்னு நான் எழுதிடறேன்" என்று சொன்னார். அவர் எழுதியிருப்பார் என்றே நம்புகிறேன். எழுதியது எங்கே நின்றுபோனது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

3. ஆனி மாதத்தில் பார்வையில் கண்ட அறிவிப்பு வந்தது. செயற்கைக்கோள் பட ஆய்வில் எங்கள் நிலம் சாகுபடியற்ற தரிசு எனத் தெரியவந்திருப்பதாகவும், ஒப்படையை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. நான் அதை வாசிக்க வாசிக்க என் மாமனார் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும், "இப்பவும் மேல இருந்து பாத்துட்டு இருக்குதுங்களா கண்ணு?" என்று கேட்டார். தினமும் பார்க்காது மாமா என்று சொன்னேன். எனக்கே அது நிச்சயமில்லை.

விளக்கத்தை எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்கு அழைத்தார்கள், போனோம், தள்ளிவைத்தார்கள். மறுபடியும் அப்படியே நடந்தது.

4. அந்தச் சமயத்தில் வேங்கடசாமி நாயுடு அவர்கள் ஊருக்கு வந்திருந்தார். எங்கள் மேல் உள்ள இரக்கத்தில்தான் என் கணவரிடம் ஒரு யோசனை சொன்னார். "அன்புமணி, ஒரு ஓட்டு ஓட்டிப்போடு. உழுத காட்டைத் தரிசுன்னு எவனும் எழுத முடியாது" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அன்று முதல் என் கணவர் வேறு ஆளாகிவிட்டார். வெள்ளகோவிலிலிருந்து டிராக்டரை அழைத்து வந்தார். நான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும்போது வேலியில் ஒரு பக்கம் வெட்டித் திறந்திருந்தது. உள்ளே கலப்பை புல்லை வேரோடு புரட்டிக்கொண்டிருந்தது. புரட்டிய வேர்கள் வெயிலில் தலைமயிர் போலக் கிடந்தன.

நான் ஓடிப்போய், "நிறுத்தச் சொல்லுங்க! இந்தப் புல்லு போனா நமக்கு என்னுங்க இருக்குது?" என்று கத்தினேன்.

"புல்லு போனா மொளைக்கும் மதி. பட்டா போனா மொளைக்குமா?" என்று கேட்டார்.

 நான் போய், உழாமல் இருந்த பக்கத்தில் டிராக்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். டிரைவர் இறங்கி, "ஏனுங்க, இது உங்க குடும்பச் சண்டை, என்னைய விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதனால் நிலத்தில் பாதி உழுதும் பாதி உழாமலும் நின்றது. என் கணவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அன்று சாப்பிடாமல் வேலி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரைக் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை ஐயா. பயந்த மனிதர் என்ன செய்வார் என்று தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

5. ஆடியில் காற்று வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். உழுத பாதியிலிருந்து மேல்மண் எழும்பி, கிளுவை வேலியைத் தாண்டிக் காலனி வீடுகளுக்குள் வந்து விழுந்தது. சோற்றிலும் மண், குழந்தைகள் கண்ணிலும் மண். பாதிக் காட்டில் எல்லா ஆடுகளும் மேய முடியாமல், சினை ஆடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றோம்.

எங்களைப் பார்த்து இன்னும் சில குடும்பத்தார் பயந்தார்கள். அவர்களுக்கு அறிவிப்புகூட வரவில்லை. ஆனாலும் தங்கள் கொறங்காட்டையும் உழுதுபோட்டார்கள். அவர்கள் புல எண்ணையோ பெயரையோ இந்த மனுவில் எழுத வேண்டாம் என்று என்னிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

6. இனி எழுதப்போவதுதான் எனக்கு மிகக் கடினமானது.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலையில் என் மாமனாரைக் காணாமல் காட்டுக்குத் தேடிப் போனேன். அவர் வேப்பந்தழையும் ஊஞ்சத் தழையும் வெட்டிக் கொண்டுவந்து, உழுது மண்ணாகக் கிடந்த பாதியில் வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தார். காற்று தூக்கிவிடாமல் ஒவ்வொரு கிளையின் மேலும் கல் வைத்திருந்தார். என்னுங்க மாமா இது என்று கேட்டேன்.

"மேல இருந்து பாத்தா பச்சையாத் தெரியோணுமல்லோ கண்ணு" என்றார்.

 வீட்டுக்கு வாங்க மாமா என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். தழை சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். அதனால்தான் தினமும் போனார். கோயம்புத்தூருக்குப் போகும் விமானம் மேலே கடந்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடுவார். அது வேறு, படம் எடுப்பது வேறு என்று நானும் என் கணவரும் எவ்வளவோ சொன்னோம். "அதுக்கு நம்மளக் கேக்கவா வேணும்? அது பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிரும்" என்பார்.

அப்படி ஒரு நாள் தழைக்காக வெள்வேல மரத்தில் ஏறியவர் கிளை முறிந்து கீழே விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. ஈரோட்டில் அரசு மருத்துவமனையில் வைத்துப் பார்த்து, வயது காரணமாக இனி நடப்பது சிரமம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது வீட்டில் படுத்திருக்கிறார். வெளிச்சம் படும்படி வாசலில் கட்டில் போட்டால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்கிறார். கதவைச் சாத்தச் சொல்கிறார். ஒரு காலத்தில் முள்ளுக்கும் பாம்புக்கும் பயப்படாத மனிதர் அவர்.

7. ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. உழாத பாதியில் புல் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. இருக்கும் ஆடுகள் அதில் மேய்கின்றன, குட்டிகளும் போட்டிருக்கின்றன. உழுத பாதியில் நெருஞ்சியும் வெறும் களையும்தான் முளைத்திருக்கின்றன. வேங்கடசாமி நாயுடு அவர்களின் காட்டிலிருந்து ஆட்டுப் புழுக்கையோடு வந்த சீமைக்கருவேல விதை அதில் அங்கங்கே கன்றாகத் தலை நீட்டுகிறது. என் கணவர் அவற்றைத் தினமும் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் பிடுங்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "இதை இப்படியே உட்டா அடுத்த படத்துல செவப்பாத் தெரியும், இல்ல?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. இன்னொரு கோடை வந்து இன்னொரு படம் எடுத்தால், மிச்சமிருக்கும் புல்லையும் நாங்களே அழித்துவிடுவோம்.

8. படம் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. இவ்வளவு பெரிய நாட்டில் ஒவ்வொரு காட்டையும் நடந்து பார்க்க ஆள் ஏது? பஞ்சம் வந்தால் எந்த ஊரில் தீவனம் இல்லை என்று அறிய அது உதவும் என்று அன்று வந்த அதிகாரி சொன்னார். நன்மைக்குத்தான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் கோடையில் எடுத்த ஒரே படத்தை வைத்து எங்கள் காடு செத்துவிட்டது என்று எழுதிவிட்டார்கள். அது செத்திருக்கவில்லை ஐயா.

ஆகவே தங்களிடம் நான் பணிந்து கேட்பது:

அடுத்த மாதம் வைத்திருக்கும் விசாரணைக்கு முன்பு, புல் பச்சையாக இருக்கும்போதே, ஓர் அதிகாரியை அனுப்பி எங்கள் நிலத்தின் இரண்டு பாதிகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அதுவரை ஒப்படையை ரத்து செய்யும் நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டும். கொறங்காடும் சாகுபடிதான் என்றும், மழைக்குப் பின் எடுத்த படத்தையும் பார்க்காமல் எந்தக் கொறங்காட்டையும் தரிசு என்று எழுதக் கூடாது என்றும் தாங்கள் உத்தரவிட்டால், பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டவர்களும் நிம்மதியாக உறங்குவார்கள். உழுத பாதியில் மறுபடி விதைக்கக் கொழுக்கட்டைப் புல் விதை கிடைக்கவும் வழி செய்ய வேண்டும்.

இந்த மனுவைக் கொடுப்பது என் கணவருக்குத் தெரியும். வேண்டாம் என்றார். இத்தனை நாள் அரிசி அளவாக இருந்த காட்டை நீயே விரல் வைத்துக் காட்டுகிறாய் என்றார். அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று இதை எழுதும்போதும் நினைக்கிறேன். காலனியில் வேறு யாரும் கையெழுத்திடவில்லை. என் பெயர் ஒன்றுதான் இருக்கிறது.

தாங்கள் அனுப்பும் அதிகாரி எங்கள் வீட்டுக்கும் ஒரு முறை வந்து, காடு போகாது என்று என் மாமனாரிடம் தம் வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் அவர் நம்புவதில்லை. அதிகாரி வரும்போது ஜீப்பைக் காலனிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்லுங்கள். வண்டிச் சத்தம் கேட்டால், நிலத்தை அளக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து மாமனார் காட்டுக்குப் போக எழுந்திருக்கப் பார்க்கிறார். எழுந்தால் விழுந்துவிடுவார்.

தங்கள் பதிலை எதிர்நோக்கி,

அ. மதிவதனி
(கையொப்பம்)

இடம்: ஊஞ்சப்பாளையம்
நாள்: 23.11.1998

இணைப்பு:
நில ஒப்படை ஆணை நகல். விளக்கம் கோரும் அறிவிப்பின் நகல். அரசு மருத்துவமனைச் சீட்டு நகல். வெள்ளகோவில் ஸ்டுடியோக்காரரை அழைத்து வந்து, உழுத பாதிக்கும் உழாத பாதிக்கும் நடுவில் நின்று எடுத்த புகைப்படம்.