நான் சொன்ன ஓமும் கினி சொன்ன நொன்னும்

மொன்றியல்
05.10.2008

அன்புள்ள மகள் அனோஜினிக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், ஒஸ்லோவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க மன்றாடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு, வாய் மட்டும் குறையவில்லை. நான் பிரெஞ்சுச் சோதனையில் பாஸ். குழந்தைகளைப் பார்க்கும் கார்டெரியில் குசினிச் சமையல் வேலை இனி எனக்கு நிரந்தரம், இந்த முறையும் தவறியிருந்தால் வேறு ஆளை எடுத்திருப்பார்கள்.

நடந்ததைக் கேள். பக்கத்தில் இருப்பவரின் நாட்டுச் சரித்திரத்தை வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தவள் பிந்தா, ஆபிரிக்காவில் கினி நாட்டுக்காரி. ஐம்பது வருடத்துக்கு முன், தன்னோடு சேர்ந்திருக்கச் சம்மதமா என்று பிரான்ஸ் அங்கே தான் ஆண்ட நாடுகளில் வாக்கெடுப்பு வைத்ததாம். மற்றவையெல்லாம் சம்மதிக்க, கினி மட்டும் நொன், மாட்டோம் என்று சுதந்திரம் எடுத்ததாம். பிரெஞ்சுக்காரர் கோபத்தில் ரெலிபோனையும் கழற்றிக்கொண்டு போனார்களாம். தபாற்கந்தோரில் வேலை செய்த பிந்தாவின் தகப்பன் வெறும் வயரைப் பார்த்த பிறகும் அன்று முழுக்கச் சந்தோஷத்தில் ஆடினாராம். ரீச்சர் என்னிடம் கினி சம்மதித்ததா என்று கேட்டா. கேள்வி விளங்கியதா என்று கேட்கிறாவாக்கும் என நினைத்து, ஓம், ஓம் என்று நம் வழக்கப்படி தலையையும் இரண்டு பக்கம் ஆட்டினேன். அவவுக்கு அது நொன், நொன் என்று கேட்டிருக்கிறது. மிகச் சரி என்று புள்ளி போட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பேசாமல் இருந்திருக்கலாம், மனம் கேட்கவில்லை. எங்கள் பாஷையில் ஓம் என்றால் பிரெஞ்சில் வுய், சம்மதம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவ புள்ளியை வெட்டிவிட்டுத் திரும்பக் கேட்டா. இந்த முறை நொன் என்று தொடங்கி, வாக்கிலிருந்து வயர் வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பிந்தா எழும்பிக் கைதட்டினாள். அப்பாவோ, முப்பது வருசமா என்னட்டை நொன் எண்டுதானே சொல்லுறாய், அதுக்கு ஏன் வகுப்பு என்கிறார்.

அந்தோனியார் உன்னைக் காப்பாராக, எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும். ஒன்றை மட்டும் மறவாதே. இவ்வளவு காலமும் பிரெஞ்சில் வரும் கரண்ட் பில்லில் இருந்து டொக்டரின் கடிதம் வரை உனக்குப் போனில் எழுத்தெழுத்தாய் வாசித்தேன், நீயும் செய்கிற வேலையை நிறுத்தி, எழுதியெடுத்து விளங்கப்படுத்தினாய். எனக்கு அது வெட்கமாகவே இருந்தது. இனி அம்மாவின் நம்பரைக் கண்டால் பேனை தேடாதே பிள்ளை, உன்னோடு கதைக்கத்தான் எடுக்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
யோசெப்பின்