இன்னிக்கு என்னப் பத்திப் பேசினாங்களா

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நாங்களும் அப்படியே என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுபோகிறது. ஃபோனில் சொல்லலாம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி இருக்கிறான், நான் குரலைத் தாழ்த்தினால் போதும், காதைத் தீட்டிக்கொள்கிறான். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்துக் கடிதம். என் கையெழுத்து ஆஸ்பத்திரிக் கையெழுத்து, திட்டாமல் படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது. அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து வேலை. இவன் ஒரு வேலைக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று காலையில் ஒருமுறை, சாப்பாட்டில் உட்கார்ந்து ஒருமுறை. போன மாதம் தம்பிக்குத் தெரியாமல் அவன் பெயரில் எங்கேயோ விண்ணப்பம் போட்டுவிட்டார், அவர்கள் கூப்பிட்டதும் இவன் நடுங்கிப்போய் ஃபோனை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டான். நான் அரிசி அளக்கப் போனால் டப்பா மணி அடிக்கிறது. சிரித்துவிட்டேன் கண்ணு, சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கம்ப்யூட்டரின் கேமராக் கண்ணில் என் பையிலிருந்து எடுத்த பிளாஸ்திரியை ஒட்டியிருக்கிறான். அவனை யாரோ வீடியோவில் பதிவு செய்கிறார்களாம், என் ஆஸ்பத்திரியில் எல்லாரும் அதைப் போட்டுப் பார்க்கிறார்களாம். தினமும் நான் வந்து செருப்பைக் கழற்றும்போது கதவோரம் நின்று, இன்னிக்கு அங்க என்னப் பத்திப் பேசினாங்களா என்று கேட்பான். நான் இல்லடா என்பேன். அது சத்தியமான 'இல்லை'. அந்த இல்லையை வாங்கிக்கொண்டுதான் அவன் அன்றைக்குச் சாப்பிட உட்காருவான். நீயும் ஃபோனில் எவ்வளவோ பேசி, எங்கள் பிரிவுச் சின்ன டாக்டரை ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று அவன் வாயால் சொல்ல வைத்தாய். அதுவரைக்கும் கொண்டுவந்தோம்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேள். எங்கள் மனநலப் பிரிவில் இருக்கிற டாக்டர், நர்ஸ் எல்லாரும் வருஷா வருஷம் ஏதாவது பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தால்தான் லைசென்ஸைப் புதுப்பிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். இந்த வருஷத் தலைப்பு, மனச்சிதைவு ஆரம்பிக்கிற கட்டத்தில் இளவயதுக்காரர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது. விதியைப் பார். மாடியில் கூட்ட அறை, பற்கள் தந்தியடிக்கிற ஏசி, பாதிப் பேர் பிஸ்கட்டுக்காக வந்தவர்கள். வகுப்பு எடுத்தவர் நல்ல மனுஷர், நன்றாகத்தான் சொன்னார். சிகிச்சை தள்ளிப்போகப் போகப் பிள்ளை திரும்பி வருகிற வழியும் நீண்டுகொண்டே போகும் என்றார். அவர்கள் சந்தேகத்துக்கு ஆமாம் போடாதீர்கள், சண்டையும் போடாதீர்கள், எதற்காகவும் பொய் மட்டும் சொல்லாதீர்கள், ஒரு பொய் போதும், பிறகு உங்களை அவர்கள் நம்பவே மாட்டார்கள் என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டோம். நானும் எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் நடித்துப் பழகச் சொன்னார்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் டாக்டர். நோயாளியாக என்னைக் கூப்பிட்டார்கள், எதிரே சின்ன டாக்டர், நம் தம்பியைப் பார்க்க இருந்தாரே அவரேதான். என்ன பேச வேண்டும் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதை நான் பார்க்கக்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் தம்பி மாதிரி கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், தம்பி பேசுகிற மாதிரி பாதியில் நிறுத்தி நிறுத்திப் பேசினேன், அவன் சொன்னதையெல்லாம் சொன்னேன். சின்ன டாக்டர் அவசரப்படாமல், வீட்டில் யாரிடமாவது இதைச் சொல்லலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை கண்ணு, வாய் தானாகச் சொன்னது. "அம்மாகிட்டயா? சொன்னா அப்புறம் நான் அவங்களுக்குப் புள்ள இல்ல, கேஸ்."

கை தட்டினார்கள். நிஜம் மாதிரியே இருந்தது சிஸ்டர் என்றார்கள். எழுந்திருக்கும்போதுதான் பார்த்தேன், ஓரத்தில் ஒரு கம்பியில் ஃபோனைச் செருகி எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்த வகுப்புக்குக் காட்டவாம். ஓடிப்போய் அழிக்கச் சொன்னேன், வகுப்பு எடுத்தவர் ஏன் என்றுகூடக் கேட்காமல் என் கண் முன்னாலேயே அழித்தார். ஆனால் அதற்குள் வகுப்பு குரூப்பில் போட்டாயிற்று. எல்லாரும் அழித்துவிட்டோம் என்கிறார்கள். யார் அழித்தார்கள், யார் வீட்டில் போட்டுக் காட்டினார்கள், யாருக்குத் தெரியும். இல்லாத ஒன்றைக் கண்டு பயந்துகொண்டிருந்தான் பிள்ளை, பெற்றவள் போய் அதை உண்டாக்கிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது வழக்கம்போலக் கேட்டான். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் தாமதித்திருப்பேன். இல்லடா என்றேன். அவன் என்னையே பார்த்துவிட்டு, "நீ எப்பவும் உடனே சொல்லுவம்மா" என்று சொல்லி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அதிலிருந்து நான் வைப்பதைத் தொடுவதில்லை, கடையிலிருந்து பிரிக்காத ரொட்டிப் பொட்டலம் வாங்கி வந்து தின்கிறான். டாக்டரைப் பார்க்க வரமாட்டேன் என்றுவிட்டான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. அப்பாவிடம் சொன்னேன், இல்லைன்னு சட்டுன்னு சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன என்று என் மேலேயே பாய்கிறார். எத்தனை பிள்ளைகளின் அம்மாக்களுக்கு நான் தைரியம் சொல்லியிருப்பேன், எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை இல்லை. பொய் சொன்னேன் என்று சொன்னால் பதிவு இருப்பது நிஜமாகிவிடும், சொல்லாவிட்டாலும் நான் பொய் சொன்னது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இதை ஆரம்பித்தேன். அவன் கூப்பிட்டுக் கேட்டால் அம்மா எதுவும் சொல்லவில்லை என்று நீ சமாளிக்க வேண்டும் என்று. அந்த வரியை எழுதும் முன்னால் கதவு திறந்தது. தண்ணீர் எடுக்க வந்தவன் நின்று, யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டான். அக்காவுக்கு என்றேன். என்னைப் பற்றியா என்றான். இந்தத் தடவை தாமதிக்கவில்லை. ஆமாம்டா என்றேன். கோபப்படவில்லை, சொம்பில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டான். "முடிச்சதும் என்கிட்ட குடு, படிச்சிட்டுச் சொல்றேன்" என்று போய்விட்டான். என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. படித்த பிறகு இந்த வீட்டில் இருப்பானா என்றுகூடத் தெரியாது. இருந்தாலும் மேலே எழுதியதில் ஒரு எழுத்தையும் அடிக்கப் போவதில்லை.

நீ எனக்காக எதையும் சமாளிக்காதே. அவன் கேட்டால் உள்ளதைச் சொல். குழந்தையின் அடுத்த தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல் எல்லாம். விலாசம் எழுதாத உறையை இதோடு சேர்த்து அவன் கதவுக்கு அடியில் தள்ளப் போகிறேன். இது உன் கைக்கு வந்தால், உறைமேல் இருக்கிற விலாசம் யார் கையெழுத்து என்று மறுபடியும் ஒருமுறை பார்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா