கொழும்பா, யாழ்ப்பாணமா

1873 ஜனவரி 6, ஹந்தானை காப்பித் தோட்டம்

என் உபாத்தியாயர் இன்று எனக்கு இடம் தருவதாக வந்திருந்த இரண்டு கடிதங்களைக் கையில் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி, கொழும்பில் ஒன்று. இரண்டும் கல்கத்தா சர்வகலாசாலையோடு இணைந்தவை. இரண்டிலும் இங்கிலீஷும் படிக்கலாம், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் முறையும் பழகலாம். மாத முடிவுக்குள் பதில் எழுத வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய நாள். மையைக் கொட்டிவிட்டேன்.

ஜனவரி 8

அப்பா யாழ்ப்பாணம் என்கிறார். "கொழும்புல பாதிரி மொதல்ல குடுமிய அறுப்பான், பொறகு அவன் வேதத்துல சேத்துருவான்." கூலிக் குடும்பங்கள் வரிசையறைகளில் குடியிருக்கும் எங்கள் லயமே தலையாட்டியது.

கொழும்புக்கு ரயில் உண்டு; யாழ்ப்பாணத்துக்கு மாத்தளை, தம்புள்ளை வழியாக நடக்க வேண்டும். ஊரிலிருந்து தோணியில் வந்து மன்னாரில் இறங்கி நாங்கள் நடந்து வந்த அதே பாதை. எனக்கு அப்போது ஏழு வயது. தம்புள்ளை தாண்டியதும் அம்மாவுக்கு வாந்திபேதி. கூட்டம் நிற்கவில்லை. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அம்மா மரத்தடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உயிர் இருந்ததா? இதுவரை நான் கேட்டதில்லை.

ஜனவரி 11

மாத்தளைப் பக்கம் மறுபடி வாந்திபேதியாம். காப்பி ஏற்ற வந்த வண்டிக்காரர்கள் சொன்னார்கள்.

ஜனவரி 13

எங்கும் போகாமல் இங்கேயே இருந்துவிட்டால் என்ன?

முடியாது. இன்று காலை துரை ஓர் இங்கிலீஷ் காகிதத்தை நீட்டினார். நாற்பது பேர் பெருவிரல் பதித்தார்கள், அப்பாவும்தான். "என்னப்பா எழுதியிருக்கு?" என்று பிறகு என்னிடம் கேட்டார். அவ்வளவு நேரம் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் புரிந்திருந்தது. இந்த லயத்துப் பிள்ளைகள் அதை முழுதாக வாசிக்க வேண்டும். அதற்கு நான் படித்தாக வேண்டும்.

ஆனால் அந்தப் பாதையில் — ஐயோ, என்னால ஏலாது. பத்தொன்பது வயது ஆண்பிள்ளை இதை எந்த வாயால் அப்பாவிடம் சொல்வேன்?

ஜனவரி 17, வெள்ளி

மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை அரளி வந்தால் யாழ்ப்பாணம், செவ்வரளி வந்தால் கொழும்பு. பூசாரிக்குக் கண் மங்கல். இலையில் மடித்துப் பொட்டலம் கட்டும் வேலை என்னிடம் வந்தது.

இரண்டிலும் சிவப்பையே வைத்தேன்.

லயத்துக் குழந்தை சுந்தரி ஒன்றை எடுத்தாள். சிவப்பு. "ஆத்தா சொல்லிட்டா, இனி யாரும் பேசப்படாது" என்றார் அப்பா. மற்றப் பொட்டலத்தை ஓடையில் எறிந்துவிடலாம் என்று திரும்பினேன். அங்கே இல்லை.

ஜனவரி 18

யார் எடுத்தார்கள்?

ஜனவரி 20

வாந்திபேதியும் அம்மையும் யார் கையில் இருக்கிறதோ, அவளிடமே போய்ப் பொய் சொன்னேன். வேறு சாமி கிடைக்கவில்லையா எனக்கு? காலையிலிருந்து வயிறு கடுக்கிறது. தாயே, இது பழைய சோற்றால் வந்ததாக இருக்கட்டும்.

ஜனவரி 21

பழைய சோறுதான்.

ஜனவரி 29

கொழும்புக்குப் பதில் எழுதிவிட்டேன். அப்பா என் முகத்தையே பார்க்கிறார். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

பெப்ரவரி 3, ரயிலில்

கண்டி ஸ்டேஷன் வரைக்கும் அப்பா என் துணிமூட்டையைச் சுமந்து வந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். காய்ந்த இலை. கட்டியிருந்த முடிச்சு என் முடிச்சு இல்லை.

"அன்னைக்கே பிரிச்சுப் பாத்துட்டேன்" என்றார்.

"அப்பா, நான்..."

"பேசாம இரு. அந்த ரோட்டுல ஒங்கம்மாவ மூச்சோட விட்டுட்டு வந்தவன்டா நான். லயத்துச் சனம் பேசுமேன்னு பயந்துதான் யாழ்ப்பாணம்னேன். அன்னைக்கு வெள்ளை வந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு இன்னும் தெரியல. குடுமிய மட்டும் வெட்டிராத."

வண்டி நகர்ந்துவிட்டது.

பேராதனை தாண்டியாயிற்று. பொட்டலம் மடியில் இருக்கிறது. இதோடு இரண்டு தடவை குடுமியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.